குருவம்மாவின் நகத்துக்கு நான் எழுதிய பெயர்

போன வாரம் நம் தோல் மருத்துவர்கள் வாட்ஸ்அப் குழுவில், தொழிலுக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். ஒரு நோயாளியின் பத்து விரல் நகங்கள். மஞ்சள் பூத்து, தடித்து, சதையை விட்டு எழும்பி நின்றன. கீழே ஒரே வரி: ‘எந்த மாத்திரை கொடுக்கலாம்?’ நான் கையில் இருந்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஏழு பேர் பதில் போட்டுவிட்டீர்கள். ஏழும் பூஞ்சை மாத்திரைகளின் பெயர்கள். எத்தனை மாதம் கொடுப்பது என்பதில் இரண்டு பேருக்குள் சண்டை வேறு. உடம்பில் வேறு எங்காவது தடிப்பு இருக்கிறதா, நகத்தை வெட்டி லேபுக்கு அனுப்பினீர்களா, ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் படத்தில் இருந்தது ஆணா பெண்ணா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோபத்தில் நீளமாக ஒன்று தட்டினேன். அனுப்பப் போகும்போது கை நின்றுவிட்டது. உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. திட்டுவதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபம் குறையவில்லை. யார் மேல் கோபப்பட வேண்டுமோ அவரிடமிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் தோல் கிளினிக் நடத்தினேன். இப்போது மூடிவிட்டேன். எங்கள் பக்கம் தோல் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் ‘எந்த மில்லு?’ என்று கேட்போம். ராஜபாளையத்தைச் சுற்றிப் பஞ்சாலையும் பேண்டேஜ் துணித் தறியும் பிளீச்சிங் பட்டறையும்தான். மில்லின் பெயரும் எந்தப் பிரிவு என்பதும் தெரிந்துவிட்டால் பாதி நோய் தெரிந்த மாதிரி. பிளீச்சிங் என்றால் கை வெடிப்பு, நூற்பு என்றால் பஞ்சுத் தூசி அரிப்பு. பத்துக்கு எட்டுத் தடவை சரியாகவும் இருக்கும். அந்தத் திமிரில்தான் மீதி இரண்டு பேரைக் கோட்டை விடுகிறோம்.

குருவம்மா சோழபுரத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. முதல் தடவை அவர் வந்தபோது முன்கையிலும் கழுத்திலும் சிவந்த, வறண்ட தடிப்புகள் இருந்தன. அரிப்பு தாங்கவில்லை என்றார். பத்து விரலிலும் முதல் கணு வரை மருதாணி. கறுத்துச் சிவந்திருந்தது.

“எந்த மில்லு?” என்றேன். சொன்னார். பேனாவைத் திறந்தேன். துணியில் தங்கிய பிளீச்சிங் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி. ஒரு களிம்பு, ஒரு அரிப்பு மாத்திரை. மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

அடுத்த ஏழெட்டு மாதத்தில் ஐந்து தடவை வந்தார். சோழபுரத்திலிருந்து ராஜபாளையம், அங்கே பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர். ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு. தடிப்பு குறையும், திரும்ப வரும். நான் களிம்பை மாற்றுவேன். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் வெகு தாமதமாக வந்து சேர்ந்தார். அன்றைக்கு மருதாணி வெளுத்திருந்தது. அப்போதுதான் நகங்களைப் பார்த்தேன். அந்த வாட்ஸ்அப் படத்தில் இருந்ததே, அதே மாதிரி பத்து நகங்கள்.

“இது எம்புட்டு நாளா இருக்கு? ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“பேக்கிங்ல தெனம் காலைல சூப்பர்வைசர் கையப் பாப்பாக டாக்டரம்மா. நகம் அசிங்கமா இருந்தா உள்ள விட மாட்டாக. நகப்பாலீஷு போடக் கூடாது, உதுந்து பொட்டலத்துல விழுந்துரும்னு சொல்லுவாக. மருதாணின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாக. அதான் வாராவாரம் அரைச்சு வச்சுக்கிடுதேன்.”

இதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஒரு பெண் தன் உடம்பில் ஒன்றை வாராவாரம் மறைக்கிறாள் என்றால், வேறு என்னவெல்லாம் மறைக்கிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ‘நகத்தில் பூஞ்சைத் தொற்று’ என்று சீட்டில் எழுதினேன். மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதினேன். நகத்தை ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. முடிவு வர நாளாகும், அதற்காக இந்தம்மா இன்னொரு அரை நாள் வேலையை விட வேண்டும் என்று அவருக்காக நானே இரக்கப்பட்டு நானே முடிவு செய்துவிட்டேன். நாம் சோம்பலை இரக்கம் என்று எழுதிக்கொள்வதில் கெட்டிக்காரர்கள்.

மூன்று மாதம் முடிந்தது. நகம் அப்படியே இருந்தது. இன்னும் மூன்று மாதம் எழுதினேன். இடையில் ஒரு தடவை, பேக்கிங்கில் இருந்து கழிவுப் பஞ்சு அள்ளும் இடத்துக்குத் தன்னை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார். தலையை ஆட்டினேன். ஏன் மாற்றினார்கள் என்று கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வந்தபோது ஒரு பெருவிரல் நகம் விழுந்தே போயிருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் மருந்து வேலை செய்யவில்லை என்றால் குற்றம் நோயாளியிடம்தானே இருக்க வேண்டும்!

“மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டியா, இல்ல ரெண்டு நாள் சாப்பிட்டுத் தூக்கிப் போட்டுட்டியா?”

குருவம்மா கொண்டுவந்த மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். ஆறு மாதத்துக் காலி மாத்திரை அட்டைகள். ஒன்றுகூட விடாமல் சேர்த்து வைத்திருந்தார்.

“நீங்க இப்படிக் கேப்பீகன்னு தெரியும். அதான் எல்லாத்தையும் எடுத்து வச்சேன். நான் பொய் சொல்லல டாக்டரம்மா. நீங்கதான் பாக்கல. கையப் பாக்கீக, கழுத்தப் பாக்கீக. உள்ள எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டீகளா? இங்கன ஒரு திரை இருக்கா? கம்பவுண்டர் கதவத் தொறந்து தொறந்து வாராரு. நான் எப்படிக் காமிக்க?”

ஆண் டாக்டர்களிடம் பெண்கள் உடம்பைக் காட்டத் தயங்குகிறார்கள் என்று நாம் கூட்டங்களில் பேசுவோம். நான் பெண். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. என் அறையில் திரை இல்லை. முப்பது வருடம் தோல் வைத்தியம் பார்த்த அறையில் ஒரு திரை இல்லை. இதைவிட அசிங்கமான ஒன்றை என்னைப் பற்றி நான் எழுத முடியாது.

கம்பவுண்டரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டேன். சேலையைத் தளர்த்திக் காட்டினார். இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையிலும் மார்புக்குக் கீழேயும் திட்டுத் திட்டாக இருந்தது. சிலது பழையது, சுருங்கிய தாள் மாதிரித் தோல் மெலிந்திருந்தது. சிலது தடித்திருந்தது. தொடையில் ஒன்று கட்டியாகவே எழும்பியிருந்தது. ஆறு வருடமாக இருக்கிறதாம். ஒரு மெடிக்கல் ஷாப்பில் ‘படர்தாமரைக்கு’ என்று கேட்டு ஒரு டியூப் வாங்கி ஆறு வருடமாகத் தடவியிருக்கிறார். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்த டியூப். நம் ஊரில் சீட்டே இல்லாமல் மிட்டாய் மாதிரி விற்கிறார்களே, அதுதான். அதை விற்கிறவர்களைப் பற்றி எனக்கு இருக்கும் எண்ணத்தை இங்கே எழுதினால் அச்சில் வராது.

சந்தேகம் வந்தது. தோலில் வரும் லிம்போமா. இரத்தத்தின் ஒரு வகை வெள்ளை அணுக்கள் புற்றாக மாறித் தோலில் குடியேறும் நோய். பெரும்பாலும் மெதுவாக, வருடக்கணக்கில் நகரும். கரப்பான் படை மாதிரி இருக்கும், சொரியாசிஸ் மாதிரி இருக்கும். சிலருக்கு நகத்தையும் பிடிக்கும். தடிக்கும், மஞ்சளாகும், எழும்பும், சில சமயம் விழும். பார்த்தால் அச்சு அசல் பூஞ்சைதான். படித்தபோது இதையெல்லாம் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான்.

தொடையில் இருந்து ஒரு துண்டு எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். கூட வைக்கும் சீட்டில் ‘அரிப்பு, தடிப்பு’ என்று எழுதினேன். லிம்போமா என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அது இல்லை என்று வந்துவிட்டால், அறுபது வயதுக்காரி எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று அங்கே யாராவது சிரிப்பார்களோ என்று நினைத்தேன். பத்து நாளில் பதில் வந்தது: சாதாரணக் கரப்பான் மாதிரித் தெரிகிறது, மருத்துவரின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஃபைலை மூடிவிடலாம். கையில் காகிதம் இருக்கிறது, யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. இரண்டு நாள் மூடியும் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்தத் தொடைக் கட்டி கண்ணில் நின்றது. மதுரைக்கு போன் போட்டேன். துண்டைப் பார்த்த பேத்தாலஜிஸ்ட் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“மேடம், நீங்க அனுப்பின சீட்டுல ரெண்டு வார்த்தை இருந்துச்சு. நான் ரெண்டு வரி அனுப்பினேன். உங்களுக்கு என்ன சந்தேகம்?”

“லிம்போமாவா இருக்குமோன்னு... ஆறு வருஷமா ஒரு ஸ்டீராய்டு டியூப் தடவியிருக்காங்க.”

“அதை எழுதுறதுக்கு என்ன மேடம்? தப்பாப் போனா உங்க மானம் போயிருமா? ஆறு வருஷம் ஸ்டீராய்டு தடவின தோல்ல ஒரே ஒரு துண்டை எடுத்துட்டு, கதையும் சொல்லாம அனுப்பினா நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?”

அந்தத் திட்டுக்கு நான் என்றும் கடன்பட்டவள். டியூபை நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்து மூன்று இடங்களில் இருந்து எடுக்கச் சொன்னார். நகத்தையும் வெட்டி அனுப்பச் சொன்னார். ஒரு முழுப் பக்கம் கதை எழுதி அனுப்பச் சொன்னார்.

டியூபை நிறுத்திய அந்த ஒரு மாதம் குருவம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. சொறிந்து புண்ணாகாமல் இருக்க இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார். “முடியல டாக்டரம்மா, கொஞ்சூண்டு தடவிக்கிடவா?” என்று போனில் அழுதார். வேண்டாம் என்று சொன்னேன். சொல்லத்தான் முடிந்தது.

முடிவு வந்தது. லிம்போமாதான். நகத்தில் பூஞ்சை இல்லை. இருந்ததற்கான அடையாளமே இல்லை.

இந்த மாதிரிச் செய்தியைப் பலருக்கு நான் சொல்லியிருக்கிறேன். பிழைத்துக்கொள்வேனா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். குருவம்மா வேறு ஒன்று கேட்டார்.

“இது தொத்துமா?”

“தொத்தாது. யாருக்கும் எப்பவும் தொத்தாது.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அப்ப அத எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு, சீலும் வச்சுக் குடுங்க.”

பிறகுதான் உயிரைப் பற்றிக் கேட்டார். மெதுவாகப் போகிற வகை, மதுரையில் ஒளி சிகிச்சை இருக்கிறது, கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் விடாமல் போக வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். கண் நான் எழுதிய சர்டிபிகேட்டின் மேலேயே இருந்தது. ‘இவருக்கு இருப்பது தொற்று நோய் அல்ல’ என்று எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் அதே காகிதத்தோடு திரும்பி வந்தார். “இத ஏத்துக்க மாட்டேங்காக. டாக்டரம்மாவ வந்து பேசச் சொல்லுங்கன்னு சொல்லுதாக.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! மறுநாள் கிளினிக்கை மூடிவிட்டு ராஜபாளையம் போனேன். போகும் வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஊரில் உள்ள புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி செய்து அனுப்புகிற கம்பெனி, ஒரு நோயாளியின் கையைப் பார்த்து முகம் சுளிக்கிறதா? சுத்தம்தான் முக்கியம் என்றால் எல்லோருக்கும் கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே? தினமும் பெண்களை வரிசையில் நிற்க வைத்து நகம் பார்ப்பது என்ன வழக்கம்? எல்லாவற்றையும் மேனேஜரின் அறையில் நின்றுகொண்டே கத்தினேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியதும் அலமாரியில் இருந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. நாங்களா அவங்கள மாத்தல. அரை நாள் லீவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வைக்கணும்னு எங்க ரூல். அவங்க வச்ச சீட்டு இது. உங்க சீட்டுதான்.”

என் பெயர் அச்சிட்ட தாள். என் கையெழுத்து. ‘நகத்தில் பூஞ்சைத் தொற்று.’ அடுத்த தாளிலும் அதே வரி. அதற்கு அடுத்த தாளிலும்.

“தொற்றுன்னு டாக்டரே எழுதியிருக்கும்போது நான் அவங்கள பேக்கிங்ல எப்படி வைக்க? இப்ப நீங்களே தொற்று இல்லைன்னு எழுதுறீங்க. நான் எதை நம்ப?”

 நகம் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் நியாயம், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் குருவம்மாவைக் கழிவுப் பஞ்சுக்கு அனுப்பியது அந்த வழக்கம் அல்ல. அதிலிருந்து அவர் மருதாணி வைத்துத் தப்பித்துக்கொண்டிருந்தார். என்னிடமிருந்துதான் தப்பிக்க முடியவில்லை. ஒரு துண்டு நகம் வெட்டிப் பார்க்காமல், வெளியே கூட்டம் இருக்கிறது என்று, ஒரு வார்த்தையை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினேன். நாம் எழுதும் வார்த்தையை நாம் மறந்துவிடுகிறோம். அது ஒரு ஃபைலில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் வாழ்க்கையை நடத்துகிறது.

அங்கேயே ஒரு தாள் வாங்கினேன். ‘பரிசோதனை செய்யாமல் நான் எழுதிய நோய்ப் பெயர் தவறு. குருவம்மாவுக்குப் பூஞ்சைத் தொற்று இல்லை. அவருடைய நோய் யாருக்கும் பரவாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோயின் பெயரை மேனேஜர் கேட்டார். அது அவருக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். நாளையிலிருந்து பேக்கிங்குக்கு வரட்டும் என்றார். மதுரைக்குப் போகும் நாட்களில் லீவு தருவதாகவும் சொன்னார். கையுறை விஷயத்தை முதலாளியிடம் பேசுகிறேன் என்று இழுத்தார். அது என்ன ஆனது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

வெளியே நின்ற குருவம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறவே இல்லை.

“அவருகிட்ட எழுதிக் குடுத்தா ஆச்சா டாக்டரம்மா? அந்தச் சீட்டு வந்த நாள்ல இருந்து எனக்குத் தனி தம்ளரு. ஒருத்தியும் எம் பக்கத்துல உக்காந்து சோறு திங்க மாட்டேங்கா. அவளுக முன்னால வந்து சொல்லுங்க.”

மதியச் சாப்பாட்டு நேரம். பேக்கிங் ஹாலை ஒட்டிய நீளமான தாழ்வாரத்தில் முப்பது பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள்.   நான் யார் என்று சொன்னேன். குருவம்மாவுக்குப் பூஞ்சை என்று எழுதியது நான்தான், அது தப்பு, பார்க்காமல் எழுதினேன், அவருக்கு இருப்பது யாருக்கும் தொற்றாது, ஒருநாளும் தொற்றியதும் இல்லை என்று சொன்னேன்.  சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றிருந்தன.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது. நகம் தடித்தவர்களுக்கெல்லாம் இந்த நோய் என்று நாளைக்கே கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் வேறு ஏதாவதுதான் இருக்கும், பல சமயம் பூஞ்சையே இருக்கும். இருக்கட்டும். வெட்டி அனுப்புங்கள், முடிவு வந்த பிறகு எழுதுங்கள். அறையில் ஒரு திரை மாட்டுங்கள். தலை முதல் கால்வரை பாருங்கள். மருந்துக்கு நோய் கேட்கவில்லை என்றால் நோயாளியைச் சந்தேகப்படும் முன்னால் உங்கள் கையெழுத்தைச் சந்தேகப்படுங்கள். தவறு செய்தால் ஒத்துக்கொண்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் தன் சட்டியை நகர்த்தி இடம் விட்டார். “ஏட்டி குருவம்மா, வா, இங்கன வந்து உக்காரு.”

குருவம்மா தன் தூக்குச் சட்டியை எடுத்தார். “இருக்கட்டும்ட்டி. எனக்கு அங்கன பழகிருச்சு” என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கழிவுப் பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாப்பிடத் தொடங்கினார்.